பத்தமடை டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டுகள்

கேள்வி இது: "ரிஷிகேஷ் சுவாமி சிவானந்தர் மலேயாவில் டாக்டராக இருந்தவர் என்கிறார்கள். நல்ல வேலையை விட்டுவிட்டு ஏன் போனார்? இருநூறுக்கு மேல் புத்தகம் எழுதினாராமே, ஒரு ஆளால் அது முடியுமா? ஒன்றிரண்டு படித்துப் பார்த்தேன். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், ஏன்?"

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பித்தால் மற்ற இரண்டும் தானாகவே அதற்குள் வந்துவிடும். சிவானந்தரின் புத்தகங்களைத் தத்துவ நூல் என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஐம்பதாவது பக்கத்தில் சலிப்புத் தட்டும். எனக்கும் தட்டியது. அவற்றை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்த எழுத்து பிடிபட்டது. பத்துப் பேருக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் பத்துச் சீட்டிலும் ஒரே மருந்தைத்தான் எழுதுவார். போன வாரம் எழுதியதையே எழுதுகிறாரே என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒரு பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். ராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச் சீடர்களிலும் ஒரு சுவாமி சிவானந்தர் உண்டு. மகாபுருஷ் மகராஜ் என்பார்கள். ராமகிருஷ்ண மடத்தின் இரண்டாவது தலைவர், 1934-இல் மறைந்தார். அவர் வங்காளி. நாம் பேசுவது நம் திருநெல்வேலிக்காரரைப் பற்றி.

பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887 செப்டம்பர் 8 அன்று பிறந்தார். பெயர் குப்புசாமி. அப்பா வெங்கு ஐயர், எட்டயபுரம் ஜமீனில் வருவாய் அதிகாரி. அம்மா பார்வதி அம்மாள். பதினாறாம் நூற்றாண்டின் அப்பைய தீட்சிதர் வழிவந்த குடும்பம். தீட்சிதர் 104 நூல்கள் இயற்றியதாக மரபு சொல்லும். ஆக, நிறைய எழுதுவது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பையன் எட்டயபுரம் ராஜா உயர்நிலைப் பள்ளியில் படித்தான். பாரதி பிறந்த அதே எட்டயபுரம்தான். பாரதி இவரைவிட ஐந்து வயது மூத்தவர். 1901-இல் சென்னை மாகாண கவர்னர் ஆம்ப்தில் பிரபு குருமலைக்கு வந்தபோது வரவேற்புப் பாட்டுப் பாடியது இவர்தான். அப்புறம் திருச்சி எஸ்.பி.ஜி. கல்லூரி. அங்கே ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் ஹெலெனாவாகப் பெண் வேடம் கட்டியிருக்கிறார். மேடைக் கூச்சம் என்பதே அவருக்குக் கிடையாது. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் பாடி ஆடிக் கீர்த்தனம் செய்தவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் இதெல்லாம் நினைவுக்கு வரும்.

தஞ்சாவூரில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே கிடப்பாராம். அறுவை சிகிச்சை அறைக்குள் தடையில்லாமல் போய்வர அனுமதி கிடைத்திருந்தது. அப்பா இறந்து, அம்மாவுக்கும் உடம்பு சரியில்லாமல் போகவே படிப்பை விட வேண்டியதாயிற்று.

அதற்கடுத்து அவர் செய்த காரியத்தைத்தான் இந்தப் பதிலுக்கே அச்சாணி என்று நினைக்கிறேன். 1909-இல் திருச்சியிலிருந்து 'அம்ப்ரோசியா' என்று ஒரு மருத்துவ மாத இதழைத் தொடங்கினார். முதல் போடுவதற்கு அம்மா 100 ரூபாய் கொடுத்தார். வைத்தியக் குறிப்பு, உணவு, சுகாதாரம் எல்லாம் அதில் வரும். எழுத ஆள் கிடைக்காத இடங்களை வெவ்வேறு புனைபெயர்களில் இவரே நிரப்பினார். நான்கு ஆண்டுகள் ஓடியது. டாக்டருக்குத் தெரிந்தது டாக்டரோடு நின்றுவிடக் கூடாது, அச்சாகி வீட்டுக்கு வீடு போக வேண்டும் என்ற எண்ணம் இருபத்திரண்டு வயதிலேயே இருந்திருக்கிறது. பின்னால் காவி கட்டியபோதும் அந்த எண்ணம் மாறவில்லை. பேசுபொருள் மட்டும் மாறியது.

பத்திரிகை வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. சென்னையில் ஒரு மருந்துக் கடையில் கணக்கெழுதி, மருந்து கலக்கி, நோயாளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1913-இல் மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். ஆசாரமான சைவக் குடும்பம். கப்பல் சாப்பாட்டைத் தொட மனமில்லை. கட்டிக்கொண்டுபோன இனிப்பையும் தண்ணீரையும் வைத்தே கடலைக் கடந்து, பாதி உயிராகத்தான் கரை சேர்ந்தார். சிரம்பான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தனியாகச் சமாளிக்க முடியுமா என்று தோட்டத்துரை கேட்டதற்கு, ஒன்றல்ல, மூன்று ஆஸ்பத்திரி கொடுத்தாலும் சமாளிப்பேன் என்று சொன்னாராம். அங்கே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள், பிறகு ஜொகூர் பாரு அருகே மூன்று ஆண்டுகள்.

நோயாளிகளில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள், கங்காணிகள் திரட்டிக் கொண்டுபோன நம் ஊர் ஏழைகள். குணமாகிப் போகும்போது கையில் காசில்லாதவர்களுக்குத் தன் பையிலிருந்தே கொடுத்தனுப்பும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதே சமயம் ஆசாமி ஷோக்குப் பேர்வழி. பத்து விரலிலும் பத்து மோதிரம் போட்டுக்கொண்ட காலம் உண்டு என்று தன் சுயசரிதையில் அவரே எழுதுகிறார். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. துறவியான பிறகு வாழ்க்கைக் கதை எழுதுகிறவர்கள் இளமையிலேயே வைராக்கியம் பொங்கியது என்றுதான் எழுதுவார்கள். இவர் மோதிரக் கணக்கைச் சொல்லிவிடுகிறார்.

மலேயாவிலும் எழுத்து நிற்கவில்லை. வீட்டு வைத்தியம், பழங்களும் ஆரோக்கியமும், நோய்களும் அவற்றின் தமிழ்ப் பெயர்களும் என்றெல்லாம் சிறு நூல்கள். மூன்றாவது தலைப்பைக் கவனியுங்கள். நோயாளி தன் வலியைத் தமிழில் சொல்வான், மருத்துவப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், நடுவில் ஒருவர் பாலம் போட வேண்டும். பின்னாளில் வேதாந்தத்துக்கும் ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் நடுவில் அவர் செய்ததும் இதுதான்.

சரி, ஏன் போனார்? நாடகத்தனமான காரணம் எதுவும் இல்லை. அவர் சிகிச்சை பார்த்த ஒரு சாது, ஜீவ பிரம்ம ஐக்கியம் (உயிரும் பரம்பொருளும் ஒன்றே என்பது) பற்றிய ஒரு வேதாந்த நூலைக் கொடுத்துவிட்டுப் போனார். அது உள்ளே வேலை செய்தது. பத்து ஆண்டுகள் நாள்தோறும் நோயையும் சாவையும் பார்த்ததும் சேர்ந்துகொண்டது. உடம்பைச் சரிசெய்து அனுப்பினால் அதே ஆள் வேறொரு துன்பத்தோடு திரும்பி வருகிறான். இதற்கு அடியில் இருக்கும் நோய்க்கு என்ன மருந்து என்ற கேள்வி டாக்டருக்கு எழுவது இயல்புதானே. 1923-இல் வேலையை விட்டார். சென்னையில் இறங்கி, சாமான்களை ஒரு நண்பர் வீட்டில் வைத்துவிட்டு, சொந்த ஊர்ப் பக்கம் போகாமலே வடக்கே கிளம்பிவிட்டார்.

காசி, நாசிக், புனே, பண்டரிபுரம் என்று அலைந்து, மகாராஷ்டிரத்தில் ஒரு சிற்றூரில் போஸ்ட்மாஸ்டர் ஒருவர் வீட்டில் சமையல் உட்பட எல்லா வேலையும் செய்துகொண்டு சில மாதங்கள் இருந்தார். தனிமையில் ஆன்மிகப் பயிற்சி செய்ய நல்ல இடம் எது என்று கேட்டபோது ரிஷிகேஷைச் சொன்னது அந்தப் போஸ்ட்மாஸ்டர்தான். 1924 மே மாதம் அங்கே போய்ச் சேர்ந்தார். ஜூன் 1 அன்று விஸ்வானந்த சரஸ்வதியிடம் சந்நியாசம் பெற்று சிவானந்த சரஸ்வதி ஆனார். குருவோடு கூட இருந்தது சில மணி நேரம்தான். குரு காசிக்குப் போய்விட, மீதி உபதேசம் தபாலில் வந்தது. தபால்காரர் வழியாக வந்த ஞானம் என்று சிரிக்கலாம்தான். ஆனால் இவரே பிற்காலத்தில் தபாலில் ஆயிரக்கணக்கானோருக்கு வழி சொன்னார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கங்கையின் மறுகரையில் சுவர்க்காசிரமம் பகுதியில் ஒரு சின்னக் குடிலில் பத்து ஆண்டுகள். தேளும் துணைக்கு உண்டு. அன்னசத்திரத்துக்குப் போய் வரும் நேரத்தை மிச்சப்படுத்த ரொட்டியைச் சேர்த்து வைத்து, காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்பார். விடியலில் குளிர்ந்த கங்கையில் இடுப்பளவு நீரில் நின்று ஜபம். கடும் தவம்தான், மறுக்கவில்லை. ஆனால் டாக்டர் அந்தக் குடிலுக்குள்ளும் சும்மா இருக்கவில்லை. காப்பீட்டுப் பணம் ஒன்று கைக்கு வந்தது. 1927-இல் அதை வைத்து லட்சுமண ஜூலாவில் இலவச மருந்தகம் தொடங்கிவிட்டார். அப்போதெல்லாம் பத்ரி, கேதார் யாத்திரை முழுக்க நடைதான். காலில் புண்ணோடும் வயிற்றுக்கடுப்போடும் வருகிறவர்களுக்கு அந்த இடம் பெரிய ஆறுதல். ஒருமுறை யாத்ரீகர் ஒருவருக்கு மருந்து கொடுத்தனுப்பிய பிறகு, இதைவிட நல்ல மருந்து இருக்கிறதே என்று தோன்ற, அதை எடுத்துக்கொண்டு மைல் கணக்கில் பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்தார். தியானத்தில் கிடைத்த சித்திகளைப் பற்றி அவரைச் சுற்றி எத்தனையோ கதைகள் உண்டு. எனக்கு இந்த ஓட்டம் போதும்.

எழுத்துக்கு வருவோம். ஒரு ஆளால் அவ்வளவு முடியுமா என்றால், அவர் எழுதிய முறையில் முடியும். உட்கார்ந்து திட்டம் போட்டு நூல் எழுதுகிறவர் அல்ல அவர். காகிதம் வாங்கக் காசில்லாத நாட்களில் வந்த தபால் உறைகளைப் பிரித்து, வெற்றுப் பக்கங்களைத் தைத்து நோட்டாக்கி அதில் குறித்துக்கொண்டே இருப்பார். யாரோ ஒருவர் கடிதத்தில், தியானத்தில் தூக்கம் வருகிறது, கோபம் அடங்கவில்லை என்று கேட்பார். பதில் எழுதுவார். அதே கேள்வி இன்னும் பத்துப் பேரிடமிருந்து வந்தால் பதில் துண்டுப் பிரசுரமாகும். பிரசுரங்கள் கட்டுரையாகும், கட்டுரைகள் சேர்ந்து புத்தகமாகும். 1929-இல் சென்னையில் 'பிராக்டிஸ் ஆஃப் யோகா' வெளியானது, அதன்பின் வெள்ளம். மனம், ஜபம், ஆசனம், பிராணாயாமம், பக்தி, உபநிடதம், கீதை உரை, குழந்தைகளுக்குக் கதை, நாடகம், பாட்டு, வீட்டு மருத்துவம் எல்லாம். கோபத்தை வெல்வது எப்படி என்று கேட்டவருக்கு எழுதியதும், மனத்தை அடக்குவது எப்படி என்று கேட்டவருக்கு எழுதியதும் முக்கால் பங்கு ஒன்றாகத்தான் இருக்கும். புத்தகத்துக்குப் புத்தகம் திரும்ப வருவதன் காரணம் இதுதான். அவர் மனத்தில் இருந்தது அத்தனை புத்தகத்தையும் வரிசையாகப் படிக்கப்போகும் வாசகர் அல்ல. எங்கோ ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு புத்தகம் மட்டும் கைக்குக் கிடைத்தவர்.

ஏன் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார் என்ற வருத்தம் தமிழர்களுக்கு உண்டு. அவரிடம் கேட்டுக் கடிதம் போட்டவர்கள் லாகூரிலும் சென்னையிலும் கொழும்பிலும் இருந்த ஆங்கிலம் படித்த நடுத்தர வர்க்கம். சமஸ்கிருதம் தெரியாது, பண்டிதர்களிடம் போய்க் கேட்கக் கூச்சம், கோயிலோடு பிடிப்பு தளர்ந்துவிட்டது. நோயாளிக்குப் புரியும் மொழியில் சீட்டு எழுதினார் என்றே இதையும் பார்க்கிறேன். அந்த ஆங்கிலமும் இலக்கிய ஆங்கிலம் அல்ல. எழுந்திரு, செய், விடாதே, அழாதே என்று குட்டிக் குட்டி ஏவல் வாக்கியங்கள். உடனிருந்து முதுகில் தட்டுகிற குரல்.

இந்த மருத்துவப் பார்வை முழுசாகத் தெரிவது அவர் பரப்பிய ஆன்மிக நாட்குறிப்பில்தான். ஒரு அட்டவணை. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை மாலை ஜபம், எவ்வளவு நேரம் ஆசனம், எத்தனை பொய் சொன்னீர்கள், அதற்கு உங்களுக்கு நீங்களே என்ன தண்டனை கொடுத்துக்கொண்டீர்கள், எத்தனை முறை கோபம் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது. நாள்தோறும் நிரப்பி, மாதக் கடைசியில் அவருக்கு அனுப்பலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் வெப்பநிலைத் தாள் மாதிரியே இல்லையா? சாத்திரம் பாவம் என்று சொல்வதை இவர் எண்ணிக்கையாக்கி, போன மாதம் ஏழு, இந்த மாதம் நாலு, பரவாயில்லை என்கிறார். குற்ற உணர்ச்சியில் உருகுவதற்கு அதில் இடமே இல்லை. ஆன்மிகப் பயிற்சியில் இருப்பவருக்கு அவர் செய்த மிகப் பெரிய உதவி இந்த ஒரு தாள்தான் என்பேன். எந்தப் பெரிய புத்தகத்தையும்விட.

மருந்தின் அளவும் அப்படித்தான். கொஞ்சம் சாப்பிடு, கொஞ்சம் பேசு, கொஞ்சம் தூங்கு, கொஞ்சம் ஜபம் செய், கொஞ்சம் ஆசனம் செய் என்று போகும் ஒரு பாட்டைக் கூட்டத்தில் பாடுவார். கர்மம், பக்தி, ராஜயோகம், ஞானம் ஆகிய நாலையும் கலந்துகொள் என்பதுதான் அவர் வழி. சுத்த வேதாந்திகளுக்கு அது கலப்படம். அவருக்கு அது கூட்டு மருந்து.

1934-இல் ஆற்றைக் கடந்து இக்கரையில் முனி கி ரேத்திக்கு வந்து, இடிந்து கிடந்த ஒரு குடிசையில் குடியேறினார். 1936-இல் அவருடைய தெய்வநெறிக் கழகம் (டிவைன் லைஃப் சொசைட்டி) அறக்கட்டளையாகப் பதிவானது, 1938-இல் அதன் மாத இதழ். பழைய இதழாசிரியர் சும்மா இருப்பாரா! அப்புறம் 1943 டிசம்பரில் தொடங்கிய அகண்ட (இடைவிடாத) மகாமந்திரக் கீர்த்தனம், 1945-இல் ஆயுர்வேத மருந்துக்கூடம், 1948-இல் யோக வேதாந்த ஆரணியக் கல்விக்கூடம், 1951-இல் சொந்த அச்சகம் என்று வரிசையாக வந்தன. நடுவில் 1950-இல் இரண்டு மாதம் இந்தியா, இலங்கை முழுக்க ஒரு சுற்றுப்பயணம். கேட்டவருக்கெல்லாம் புத்தகம், வந்தவருக்கெல்லாம் சோறு என்று அள்ளிக் கொடுத்ததில் ஆசிரமம் அடிக்கடி கடனில் இருந்தது. கணக்குப் பார்க்கிறவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள், அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. விளம்பரப் பிரியர், பட்டங்களையும் சந்நியாசத்தையும் தாராளமாக வழங்கிவிடுகிறார் என்ற விமர்சனம் அவர் காலத்திலேயே இருந்தது. அதில் பாதி உண்மை என்றுதான் நான் நினைக்கிறேன். பத்துப் பேருக்குக் கொடுத்தால் இரண்டு பேர் தேறினால் போதும் என்ற கணக்கு அவருடையது.

அந்த இரண்டு பேர் யார் என்று பாருங்கள். பத்திரிகையாளராக வந்த பாலகிருஷ்ண மேனன் 1949 சிவராத்திரியன்று சின்மயானந்தரானார். செட்டிபாளையத்துக்காரர் ஒருவர் சச்சிதானந்தராகி, இலங்கையில் பல ஆண்டு பணி செய்து, 1969-இல் அமெரிக்காவில் வுட்ஸ்டாக் இசை விழாவின் தொடக்கத்தில் பேசினார். விஷ்ணுதேவானந்தர் மேலை நாடுகளுக்கு ஆசனப் பயிற்சியைக் கொண்டுபோனார். சத்யானந்தர் முங்கேரில் பீகார் யோகப் பள்ளியை நிறுவினார். அமைதியே உருவான சிதானந்தரும், படிப்பில் கரைகண்ட கிருஷ்ணானந்தரும் ரிஷிகேஷிலேயே இருந்து நடத்தினார்கள். ஒருவரைப் போல் ஒருவர் இல்லை. ஒரே அச்சில் சீடர்களை வார்க்காததுதான் குருவாக அவருடைய பெரிய பலம்.

1958-இல் டேராடூனில் விமானப்படைத் தேர்வில் ஒன்பதாவதாக வந்து, எட்டு இடத்தில் ஒன்றைக் கோட்டைவிட்ட ஒரு ராமேஸ்வரத்து இளைஞர் மனம் உடைந்து ரிஷிகேஷ் போனார். சிவானந்தர் அவர் சோகத்துக்குக் காரணம் கேட்டார், தோல்வியை மற, நீ எதற்காகப் பிறந்தாயோ அதைத் தேடு என்ற பொருளில் தேற்றி அனுப்பினார். தன் முஸ்லிம் பெயரைக் கேட்டு சுவாமி முகத்தில் எந்த மாற்றமும் வரவில்லை என்று பிற்காலத்தில் அப்துல் கலாம் எழுதினார்.

இன்னொரு சம்பவம். 1950 ஜனவரி 8 இரவு, சத்சங்கக் கூடத்தில் ஒருவன் கோடரியால் அவரைத் தாக்கினான். இருட்டில் வீச்சு தப்பியது. போலீஸ் வந்தது. சுவாமி புகார் வேண்டாம் என்று சொல்லி, அவனுக்கு மரியாதை செய்து, புத்தகங்கள் கொடுத்து ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார். மனம் தடுமாறிய நோயாளி என்றுதான் அவனைப் பார்த்திருக்கிறார்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பிரம்மச்சரியம் பற்றி எழுதும் இடங்களில், இத்தனை துளி ரத்தம் சேர்ந்துதான் ஒரு துளி விந்து என்பது மாதிரியான பழைய கருத்துகளை மருத்துவ உண்மை போலவே எழுதிவிடுகிறார். அறிவியல்படி அது தவறு. எத்தனையோ இளைஞர்கள் அதைப் படித்துத் தேவையில்லாமல் பயந்திருக்கிறார்கள். இந்த ஆசனம் இந்த நோயைப் போக்கும் என்று அவர் அடித்துச் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரே கடைசிக் காலத்தில் நீரிழிவோடும் இடுப்புவலியோடும் போராடினார். டாக்டர் எழுதியதாயிற்றே என்று அந்தப் பக்கங்களை நம்பிவிடாமல், 1930-களின் எழுத்து என்று தள்ளி வைத்துப் படியுங்கள்.

1963 ஜூலை 14 அன்று கங்கைக் கரையிலேயே மறைந்தார்.

எங்கே தொடங்குவது? மனத்தைப் பற்றிய 'மைண்ட், இட்ஸ் மிஸ்டரிஸ் அண்ட் கன்ட்ரோல்' அவருடைய எழுத்தில் ஆழமானது. ஆனால் முதலில் எடுக்காதீர்கள். சுயசரிதை மெல்லிய புத்தகம், மோதிரக் கதையெல்லாம் அதில்தான். அதை ஒரு மாலையில் முடித்துவிட்டு, நாட்குறிப்பு அட்டவணையை ஒரு தாளில் நகல் எடுத்து ஒரு மாதம் நிரப்பிப் பாருங்கள். அதற்குப் பிறகு எந்தக் கட்டத்தில் உங்கள் எண் குறையாமல் நிற்கிறதோ, அந்தத் தலைப்பில் அவர் கட்டாயம் ஒரு புத்தகம் எழுதியிருப்பார். அடுத்து அதை எடுங்கள்.